கிளை அஞ்சலகமும் அதன் ஊழியரும்

ஊராட்சி மன்றக் கூட்டங்களில் அஞ்சலகத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே புகார்தான் நம் காதில் விழுகிறது. "கிளை அஞ்சலகம் பிற்பகலில் பூட்டிக் கிடக்கிறது, போஸ்ட்மாஸ்டரைக் காணோம்" என்பதே அப்புகார். கடலூர், சிதம்பரம் பகுதிகளில் சுற்றுப்பயணம் செய்யுங்கால் வயல் வரப்பிலும் இதையே கேட்கிறோம். கூறுவோர் பொய் கூறவில்லை. அலுவலகம் பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் அது ஏன் பூட்டியிருக்கிறது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அதனை விளக்கிக் கூறுவது அவசியமென்று கருதுகிறோம். ஏனெனில், இவ்விஷயத்தில் ஊராட்சியின் கையிலும் விவசாயியின் கையிலும் உள்ள காரியங்கள் சில உண்டு.

முதலில் தபால் வரும் வழியைப் பார்ப்போம். 1972 ஆகஸ்ட் 15 முதல் நாடெங்கும் வழங்கிவரும் அஞ்சல் குறியீட்டு எண்ணில், கடலூருக்கு 607001 என்றும் சிதம்பரத்திற்கு 608001 என்றும் குறித்திருக்கிறார்கள். கடிதங்கள் தலைமை அஞ்சலகத்தினின்று புவனகிரி, பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களிலுள்ள துணை அஞ்சலகங்களுக்குச் செல்லும். அங்கே கிளை அஞ்சலகத்திற்கான பை கட்டப்படும். கிளையின் ஊழியர் ஒருவர் அப்பையை எடுத்துவருவார். கிளை அதிகாரி பையைப் பிரித்துக் கணக்கிடுவார். பிறகு கடிதமும் பணமும் வீடு வீடாகச் செல்லும். மாலைக்குள் கிளையின் பணமும் கணக்கும் திரும்பத் துணை அஞ்சலகத்திற்குப் போய்ச் சேர வேண்டும். இத்தனைக்கும் விதி அனுமதிக்கும் நேரம் நாளொன்றுக்கு 4 மணி. சில கிளைகளில் 5 மணி. பிற்பகலில் கதவு பூட்டியிருப்பதன் காரணம் இதுவே.

கிளையில் பணிபுரிவோர் நகரத்து அஞ்சல்காரரைப் போன்ற நிரந்தர அரசு ஊழியர் அல்லர். அவர்களுக்கு இப்போதைய பெயர் கிராமிய டாக் சேவக். 2001ஆம் ஆண்டு விதிகள் வருவதற்கு முன்னர் இவர்களை இலாகா சாராத ஏஜெண்டுகள் என்றழைத்தார்கள். இ.டி. என்ற சொல் முதியோர் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். இந்த ஏற்பாடு வெள்ளையர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்றியது. சிற்றூரில் முழுநேர அலுவலகம் வைத்தால் செலவு கட்டாது. ஆகவே பள்ளி ஆசிரியர், கடைக்காரர் போன்ற, வேறு பிழைப்புள்ள ஒருவரிடம் அஞ்சல் வேலையையும் சேர்த்து ஒப்படைத்து, ஒரு சிறு தொகையைக் கொடுத்தார்கள். அன்றைய நிலைக்கு அது பொருத்தமான யோசனை என்பதில் ஐயமில்லை. சங்கடம் எதில் வந்ததெனில், வேலை மாறிய பின்னும் அந்த யோசனை மாறாமல் நின்றதில்தான்.

இன்றும் விதியின் அடிப்படை அதுவே. சேவகருக்கு வேறு வருமான வழி இருத்தல் வேண்டும். தேர்வானபின் பணிபுரியும் ஊர்ப்பகுதியில் குடியிருத்தல் வேண்டும். கிளை அதிகாரியாயின் அஞ்சலகத்திற்கான இடத்தையும் அவரே தேடித் தருதல் வேண்டும். 65 வயது வரை பணியில் இருக்கலாம். அவர் பெறுவதற்குச் சம்பளம் என்று பெயரில்லை. காலத்தோடு இணைந்த தொடர் உதவித்தொகை என்றே கோப்புகளில் குறிப்பிடுகிறார்கள். இந்தப் பெயர் விளையாட்டு நமக்கு உவப்பாயில்லை.

சட்டத்தின் கண்ணில் இவர் யார்? 1977ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பி. கே. ராஜம்மா வழக்கில், இவர் வகிப்பது அரசின் கீழுள்ள சிவில் பதவியே என்று தீர்ப்பளித்தது. ஆகவே விசாரணையின்றி ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. ஆனால் பதவி அரசுப் பதவியாயிற்றேயொழிய, பதவிக்குரிய பலன்கள் பின்தொடரவில்லை. ஏழாவது ஊதியக்குழு 2015இல் தந்த அறிக்கையில், இவர்கள் வழக்கமான சிவில் பணிக்கு வெளியே உள்ளவர்கள் என்று கூறி, இவர்களை மற்ற ஊழியருக்கு இணையாக வைக்க மறுத்துவிட்டது. சேவகராக உழைத்துப் பின் நிரந்தரப் பதவிக்கு உயர்ந்தவர்கள், முந்தைய ஆண்டுகளையும் ஓய்வூதியத்திற்குக் கணக்கிடுமாறு கேட்டபோது, அவ்வாறு கணக்கிட இயலாதென்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் கூறியது. முப்பதாண்டு ஊருக்குத் தபால் சுமந்தவர் 65ஆம் வயதில் வெளியேறும்போது, ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு போகிறார். மாதந்தோறும் அரசு ஊழியர் பெறும் ஓய்வூதியம் அவருக்கில்லை.

ஊதியக்குழுவுக்குள் இவர்கள் வராமையால், அவ்வப்போது தனிக் குழுக்கள் அமைக்கப்பட்டு வந்திருக்கின்றன. நீதிபதி தல்வார் குழு, நடராஜமூர்த்தி குழு என்று அவ்வரிசை செல்லும். கடைசியாக வந்தது கமலேஷ் சந்திரா குழு. அதன் அறிக்கை 2016இல் தரப்பட்டது. அறிக்கை வந்தும் ஆணை வரவில்லை. மாதங்கள் கழிந்தன. 2018 மே 22ஆம் நாள் நாடெங்கும் கிராமிய அஞ்சல் ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தமிழ்நாட்டிலும் கிளை அஞ்சலகங்கள் மூடப்பட்டன. பைகள் துணை அஞ்சலகங்களிலேயே தேங்கின. இரு வாரங்கள் கழித்து, ஜூன் 6ஆம் நாள், மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அறிக்கைக்கும் ஆணைக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் ஆனது. வேலைநிறுத்தத்திற்கும் ஆணைக்கும் இடையே பதினைந்தே நாள்தான் ஆனது. கோப்பு நகரும் விதத்தை அறிந்த நாமும் இதனை எண்ணிப் பார்க்காமலிருக்க முடியவில்லை.

அந்த ஆணையின்படி, 2018 ஜூலை 1 முதல் கிளை அதிகாரிக்கு 4 மணி வேலைக்கு மாதம் 12,000 ரூபாயும், 5 மணி வேலைக்கு 14,500 ரூபாயும் தொடக்கத் தொகை. உதவிக் கிளை அதிகாரிக்கும் மற்றச் சேவகர்க்கும் முறையே 10,000, 12,000 ரூபாய். இதன்மேல் அகவிலைப்படி உண்டு. ஆண்டுக்கு 3 சதவீதம் உயர்வும் உண்டு. முன்னிருந்த 11 வகைத் தொகை விகிதங்கள் 3 ஆகச் சுருங்கின. பெண் ஊழியர்க்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு வந்ததும் இந்த மாற்றங்களோடுதான். படகில் சென்று தபால் கொடுப்போர்க்கான படகுப்படியும் உயர்த்தப்பட்டது. உப்பங்கழிகள் நிறைந்த கடற்கரைப் பகுதியார் அதன் பயனை நன்கறிவர். 2024 மார்ச்சில், 12, 24, 36 ஆண்டுகள் பணி முடித்தவர்க்கு ஆண்டுக்கு முறையே 4,320, 5,520, 7,200 ரூபாய் கூடுதலாகத் தரும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இரண்டரை லட்சத்திற்கு மேற்பட்ட சேவகர்க்கு இது பொருந்துமென்று அரசு கூறிற்று.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நிரந்தரப் பணியில் கடைநிலை ஊழியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 2016 முதல் 18,000 ரூபாய். அவர் வேலை செய்வது 8 மணி. 4 மணிக்கு 12,000 என்பது மணிக்கணக்கில் பார்த்தால் குறைவில்லை என்று நிர்வாகத்தார் வாதிக்கலாம். அக்கணக்கில் பிழையில்லை. பிழை, அந்த 4 மணியில்தான் இருக்கிறது.

இன்று கிளையில் நடைபெறும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். கடிதம், பார்சல், சேமிப்புக் கணக்கு, தொடர் வைப்பு ஆகியவை பழையவை. 1995இல் கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு சேர்ந்தது. 2015இல் பெண்மக்களுக்கான சுகன்யா சம்ரித்தி, நம் ஊரில் செல்வமகள் சேமிப்பு, வந்தது. 2018 செப்டம்பர் 1 முதல் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வந்துவிட்டது. எந்த வங்கியில் கணக்கிருந்தாலும், ஆதார் இணைந்திருக்குமாயின், விரல் ரேகை வைத்து வீட்டு வாசலிலேயே பணம் பெறலாம். முதியோர் உதவித்தொகை பெறும் பாட்டியும், பி.எம். கிசான் பணம் பெறும் விவசாயியும் நகரத்து வங்கிக்குப் பஸ் ஏற வேண்டுவதில்லை. ஓய்வூதியர் ஆயுள் சான்றையும் வீட்டிலிருந்தே கொடுக்கலாம். இவையெல்லாம் கிராமத்திற்குப் பெரும் நன்மை. ஆனால் உழைத்துக் காய்த்துப்போன கைகளின் ரேகையைக் கருவி ஏற்பதில்லை. ஒருவருக்கே கால்மணி நேரம் போய்விடுகிறது. கைக்கருவிக்குச் சிக்னல் கிடைக்காமல் வீதிமுனைக்கும் மொட்டைமாடிக்கும் அலையும் ஊழியரை நம்மில் யார்தான் பார்த்ததில்லை? 2025 ஆகஸ்டில் துறை முழுவதும் புதிய மென்பொருள் அமைப்புக்கு மாறியபோது, கணக்கு முடியாமல் இரவு வரை அமர்ந்தவரும் உண்டு. இதற்கு மேல் இத்தனை கணக்குத் திறக்க வேண்டும், இத்தனை பாலிசி பிடிக்க வேண்டும் என்னும் இலக்குகள் வேறு. விதியில் 4 மணியாயுள்ள வேலை நடைமுறையில் நாளின் பெரும்பகுதியை விழுங்குமாயின், "வேறு வருமான வழி" என்னும் நிபந்தனைக்குப் பொருளென்ன? நடவுக் காலத்தில் தன் வயலுக்குப் போக முடியாத சேவகரும் இருக்கிறார்.

இக்காரணங்களாலேயே 2023 டிசம்பர் 12 அன்று மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கியது. எட்டு மணி நேர வேலையும் ஓய்வூதியமும் அவர்கள் கேட்டவற்றுள் முக்கியமானவை.

இனி ஊராட்சிகள் அறிய வேண்டுவன. சமவெளிப் பகுதியில் ஒரு கிளை அஞ்சலகம் திறக்க வேண்டுமாயின், சேவை பெறும் ஊர்களில் 3,000 மக்கள் தொகையும், அருகிலுள்ள அஞ்சலகத்தினின்று 3 கிலோமீட்டர் தூரமும் துறையின் வரம்புகள். அத்துடன், ஆகும் செலவில் மூன்றிலொரு பங்கேனும் வருமானமாக வர வேண்டும். எஞ்சியதைத் துறை நட்டமாக ஏற்கும். கிளையின் வேலையளவைக் கணக்கிட்டே, ஊழியர் 4 மணிக்காரரா 5 மணிக்காரரா என்பதும் தீர்மானமாகிறது. ஆகவே கடனுக்கும் நகைக்கும் மட்டும் நகரத்து நிறுவனங்களை நாடும் விவசாயி, தன் சிறுசேமிப்பையேனும் ஊர்க் கிளையில் வைப்பாராயின், அது கிளைக்கு வலுவாகும். பணம் கட்டியவுடன் கருவி தரும் ரசீதையும் பாஸ்புத்தகப் பதிவையும் கேட்டுப் பெறுங்கள். ஊழியர் பழகியவராயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம். ரசீது உமக்கு மட்டுமன்று, அவருக்கும் பாதுகாப்பு. கணக்கில் சந்தேகம் எழுந்தால் சேவகரைப் பணியினின்று ஒதுக்கி வைப்பார்கள். விசாரணைக் காலத்தில் அவருக்குத் தொடக்கத்தில் கிடைப்பது உதவித்தொகையில் ஒரு பகுதியே.

அடுத்தது இடம். கிளை அதிகாரி தம் வீட்டுத் திண்ணையிலோ, வாடகைக்குப் பிடித்த சிறு அறையிலோ அஞ்சலகத்தை நடத்துகிறார். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரை கடந்தபோதும், 2015 இறுதியில் வெள்ளம் சூழ்ந்தபோதும், நம் மாவட்டத்தில் ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் பட்ட பாடு தெரிந்ததே. அத்தகைய வீட்டில் ஊர்மக்களின் கணக்கேடுகளும் கருவியும் இருப்பதை எண்ணிப் பாருங்கள். ஊராட்சிக் கட்டடங்களிலும் சேவை மையக் கட்டடங்களிலும் பயனற்றுக் கிடக்கும் அறைகள் பல ஊர்களில் உள்ளன. உயரமான இடத்தில், மின்வசதியுடன், முதியோர் படியேறாமல் வரத்தக்க ஒரு அறையை அஞ்சலகத்திற்குத் தரலாம். மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலுடன் அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதுக. வட்டார அலுவலகத்திற்கும் ஒரு பிரதி வேண்டும். இரு துறைகளும் பேசிக்கொள்வதற்குள் ஆறு மாதம் ஆகிவிடுகிறது என்பது எங்கள் அனுபவம். ஆகையால் மழைக்காலத்திற்கு முன்பே தொடங்குவது நலம்.

ஆள் தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேவகர் பதவிக்கு வட்டார மொழியைப் பத்தாம் வகுப்பு வரை பயின்றிருக்க வேண்டும். இந்நிபந்தனை காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. சேவகர் முதலியோர் அஞ்சல்காரர் பதவிக்கு உயர்வதற்கான தேர்வு 2019 ஜூலை 14இல் நடந்தபோது, வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்பட்டது. மாநிலங்களவையில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி எதிர்த்தனர். இரு நாட்களில் அத்தேர்வு ரத்தாயிற்று. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மீண்டும் நடத்துவதாக அமைச்சர் அறிவித்தார். முகவரியை வாசிக்கவும், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்குப் பாஸ்புத்தகத்தைப் படித்துக் காட்டவும் தெரியாதவர், எத்தனை மதிப்பெண் பெற்றிருந்தாலும் கிளை அஞ்சலகத்திற்கு உதவார். காலியிடம் அறிவிக்கப்படும்போது பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர் இளைஞர்க்கும் பெண்களுக்கும் அச்செய்தி எட்டுவதில்லை. விண்ணப்பம் இணையவழியே மட்டும் என்பதால், ஊராட்சி அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும், இ-சேவை மையத்தில் பதிவுக்கு உதவுவதும் நம் வேலையே.

கதவு பூட்டியிருக்கும் புகாருக்கு உடனடிப் பரிகாரமும் உண்டு. கிளையின் வேலை நேரத்தை வாசலில் தெளிவாக எழுதி வைக்குமாறு கேட்கலாம். அறுவடைக் காலத்திலும் உதவித்தொகை வரும் நாட்களிலும் எந்த நேரம் ஊருக்குத் தோதாயிருக்கும் என்பதைக் கிராம சபையில் பேசி, நேரத்தை மாற்றித்தருமாறு கோட்ட அலுவலகத்திற்கு எழுதலாம். பதில் வராவிடில், கண்காணிப்பாளர் குறித்த காலங்களில் நடத்தும் அஞ்சல் குறைதீர்ப்புக் கூட்டத்திற்கு மனு அனுப்பலாம். மனுவில் கிளையின் பெயர், துணை அஞ்சலகத்தின் பெயர், அஞ்சல் குறியீட்டு எண், குறை நிகழ்ந்த நாள் ஆகியவற்றைத் தவறாது குறிப்பிடுக. ஊழியரின்மீது குறை கூறும் மனுவாயின், அவருக்கு விதித்த நேரம் 4 மணியா 5 மணியா என்பதை முதலில் கேட்டறிந்துகொண்டு எழுதுக.