பட்டறைப் பக்கம் – 11: காந்தத்துக்குத் தப்பும் ஆணி

தேயிலை ஸ்டோரின் சலிப்பறையில் காந்தம் எதற்கு என்று அங்கே வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இயந்திரம் தேய்ந்து உதிர்ந்த துணுக்கு, அறுந்த சல்லடைக் கம்பி, கழன்று விழுந்த இரும்பாணி எல்லாம் தூளோடு பெட்டிக்குள் போகாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். துருப்பிடிக்காது என்பதற்காகவே பதுளை ஹார்ட்வெயார் கடையில் கேட்டு வாங்கிப் பூட்டிய ஸ்டெயின்லஸ் ஸ்க்ரூ ஆணி விழுந்தால்? பெரும்பாலும் காந்தத்தை உரசாமலே போய்விடும்.

சாதாரண ஸ்டெயின்லஸ் ஆணியில் குரோமியம் ஏறக்குறைய 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 304 என்ற வகை இதுதான். ஆணிப் பெட்டியில் ‘ஏ2’ என்று அச்சிட்டிருப்பதும் இதைத்தான். நிக்கல் சேர்ந்ததால் இந்த உருக்கைக் காந்தம் இழுப்பதில்லை. குளிர்ந்த கம்பியை அடித்துத் தலையும் புரியும் எடுக்கும்போது கொஞ்சம் காந்தத்தன்மை வந்து சேரும். ஆகவே கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள், இலேசாக இழுத்த உடனே போலி என்று சண்டைக்குப் போக வேண்டாம். சட்டென்று ஒட்டினால் சந்தேகப்படலாம்: முலாம் பூசிய இரும்பாகவோ, நிக்கல் இல்லாத வேறு வகையாகவோ இருக்கக்கூடும்.

அப்படியானால் இரும்பாணியையே பூட்டிவிடலாமே என்றால், கொழுந்து விடாது. ரோலரில் நசுங்கிய இலையின் சாறு புளிப்புத் தன்மையுள்ளது. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். பழைய காலத்து எழுத்து மை செய்த அதே இரசாயனம்தான். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று நமுனுகுல மலையைத் தாண்டி அடிக்கும்போது வரும் ஊவாத் தேயிலையின் வாசனைக்கு உலகச் சந்தையில் தனி விலை உண்டு. அதற்குள் துருக்கறை கலந்தால் யார் வாங்குவார்கள்? ரோலர் மேசையில் பித்தளையைப் பதித்தார்கள். பிறகு ஸ்டெயின்லஸ் வந்தது. இலை தொடும் இடத்தில் ஸ்டெயின்லஸ் ஆணி வேண்டும், ஆனால் அது கழலவே கூடாது. சிக்கல் இவ்வளவுதான்.

கழல்வதற்கு முதற்காரணம் அதிர்வு என்பார்கள். நான் பொருந்தாத புரியைத்தான் முதலில் சொல்வேன். மலைநாட்டு ஸ்டோர்களின் பழைய இயந்திரங்கள் பிரித்தானியாவிலிருந்து வந்தவை. கச்சார் தேயிலைத் தோட்டங்களில் துரையாக இருந்த சாமுவேல் டேவிட்சன், 1881இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தொடங்கிய தொழிற்சாலையின் ‘சிரோக்கோ’ அடுப்பை அறியாத ஸ்டோர் இருக்காது. அந்தக் காலத்து இயந்திரங்களின் பெரிய போல்ட்டுகள் 1841இல் ஜோசப் விட்வர்த் வகுத்த அங்குலக் கணக்கு. சுவிட்ச், மீற்றர் பெட்டி, மானிகளில் உள்ள சின்ன ஆணிகளோ ‘பிஏ’ என்ற வேறு இனம். தோட்டங்கள் 1975இல் அரசிடம் போயின, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. பெயர்ப்பலகைகள் மாறிய வேகத்தில் ரோலர்கள் மாறவில்லை. ரோதை முனிக்கு வருஷா வருஷம் பூசை போடும் அந்த இயந்திரங்களுக்குத்தான் இன்று நாம் மெட்ரிக் ஆணி தேடுகிறோம்.

இந்த பிஏ ஒரு வினோதமான பிள்ளை. 1884இல் பிரித்தானிய அறிவியல் சங்கத்தின் குழு பரிந்துரைத்தது. பிறந்தது இங்கிலாந்தில் என்றாலும் அளவு மில்லிமீற்றரில். 0பிஏ ஆணியின் விட்டம் 6 மி.மீ., புரிக்குப் புரி இடைவெளி 1 மி.மீ. எம்6 ஆணிக்கும் அதே அளவுகள்தான். ஆனால் பிஏ புரியின் கோணம் 47.5 பாகை, மெட்ரிக்கில் 60. கையால் தொடங்கும், பொருந்தியதுபோலவும் தோன்றும். புரியின் பக்கங்கள் ஒன்றோடொன்று முழுதாகப் படியாது. 2பிஏ இன்னும் ஏமாற்றும். விட்டம் 4.7 மி.மீ., இடைவெளி 0.81. எம்5இன் இடைவெளி 0.8 என்பதால், 2பிஏ ஆணி எம்5 நட்டுக்குள் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். போய்விட்டது என்று திருப்திப்படுவோம். ரோலர் ஒரு நாள் ஓடினால் அது வெளியே வரும், நேரே கொழுந்துக்குள்.

மெட்ரிக் ஆணியில் எம்3 என்றால் வெளிவிட்டம் 3 மி.மீ., இடைவெளி 0.5. எம்4க்கு 0.7, எம்5க்கு 0.8, எம்6க்கு 1. புரி வெட்ட வேண்டுமானால் ட்ரில் முறையே 2.5, 3.3, 4.2, 5. ஆணி தாராளமாகக் கடந்துபோகும் ஓட்டைக்கு 3.4, 4.5, 5.5, 6.6. இந்த இரண்டு வரிசையையும் சாக்குக்கட்டியால் பட்டறைச் சுவரில் எழுதிவைத்தால் பாதி வேலை மிச்சம். நீளம் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: உருண்டைத் தலை ஆணியைத் தலைக்குக் கீழிருந்து அளப்பார்கள், பதிதலை ஆணியைத் தலையையும் சேர்த்து. இறுக்கிய பின் நட்டுக்கு வெளியே இரண்டு புரி தெரிந்தால் போதும். அதற்கு மேல் நீட்டியிருப்பது கையைக் கிழிக்கத்தான் உதவும். அலுமினியத்தில் நேரடியாகப் புரி வெட்டினால் ஆணியின் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் கொடுங்கள்.

‘ஏ4’ என்று விலை கூடிய இனம் ஒன்று உண்டு, மொலிப்டினம் சேர்த்தது. மட்டக்களப்பில் படகுக்குப் பூட்டுகிறவர் அதை வாங்கட்டும். உப்புக்காற்று எட்டாத பதுளைக்கும் பசறைக்கும் ஏ2 போதும். பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவும் இடம் மட்டும் விலக்கு. அந்தக் குளோரின் ஏ2விலும் குழி விழுத்தும். பளபளப்பைப் பார்த்து இது பலத்திலும் மேல் என்று நம்புகிறவர்கள் அதிகம். ஏ2-70இன் இழுவிசைத் தாங்குதிறன் 700 மெகாபாஸ்கல். 8.8 என்று தலையில் குறியிட்ட சாதாரணக் கறுப்பு போல்ட்டு 800 தாங்கும். சுமை தாங்கும் இடத்தில் 8.8 இருந்தால், அதைக் கழற்றி ஸ்டெயின்லஸ் போட்டு அழகு பார்க்க வேண்டாம்.

ஸ்டெயின்லஸ் ஆணியும் ஸ்டெயின்லஸ் நட்டும் சேரும்போது இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. வேகமாக முறுக்கினால் புரிகள் உரசிச் சூடாகி ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். அப்புறம் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது; ஆணி முறியும். பவர் ட்ரில்லை வைத்துவிட்டுக் கையால், மெதுவாக, துளி கிரீஸ் தொட்டு முறுக்க வேண்டும். இலை தொடும் இடமானால் உணவுக்கு உகந்த கிரீஸ். கழலாமல் இருக்க நைலோன் வளையம் வைத்த நட்டு நல்லதுதான், ஆனால் அடுப்புப் பக்கம் வேண்டாம். 120 பாகைக்கு மேல் நைலோன் தாங்காது. அங்கே முழு உலோகத்திலான பூட்டு நட்டு போடுங்கள்.

ஆள் பற்றாக்குறையால் இப்போது மலைகளில் ஏறியிருக்கும் ஜப்பானியக் கொழுந்து வெட்டும் இயந்திரங்கள் நல்ல காலமாக மெட்ரிக். அவற்றின் நட்சத்திரத் தலை வேறு. வழக்கமான ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அடிவரை உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜப்பானிய அளவு டிரைவர் ஒன்று வாங்கினால் அந்தச் செலவு ஆணிகளிலேயே திரும்பிவிடும்.

பழைய மூடியைப் பூட்டும் உடற்பகுதியில் 2பிஏ புரி தேய்ந்துபோயிருந்தால், அதில் பஞ்சும் பசையும் திணிக்காமல் 4.2 ட்ரில்லை ஓட்டி எம்5 டாப் போடுங்கள். இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றானதால் டாப் பழைய தடத்திலேயே இறங்கும். மூடியின் ஓட்டையை 5.5க்கு விரிக்க மறக்க வேண்டாம். பக்கத்தில் ‘எம்5’ என்று பெயின்றால் எழுதுங்கள். ஒரு மூடியில் ஓர் ஓட்டையை மாற்றினால் மீதியையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் எம்5 ஆணியை எடுத்துப் பக்கத்து 2பிஏ ஓட்டைக்குள் பலங்கொண்ட மட்டும் முறுக்குவார்.

(தொடரும்)