எல்லோரும் யாரைப் பார்க்கிறார்கள்?

ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை சீண்டி அழவைக்கும்போது, சுற்றி நிற்கும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? கனடாவின் டொராண்டோ நகரப் பள்ளி மைதானங்களில், பிள்ளைகளின் உடையில் மைக் பொருத்தி, தொலைவிலிருந்து படம்பிடித்து ஆய்வாளர்கள் பார்த்தார்கள். முடிவு 2001இல் வெளியானது. பெரும்பாலான சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தார்கள். ஆனால், தடுக்க முன்வந்தது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவான சம்பவங்களில்தான். அப்படி ஒருவர் குறுக்கே வந்தபோதோ, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே விநாடிக்குள் சீண்டல் நின்றுபோனது!

அப்படியானால் குறுக்கே வரப் பிள்ளைகளைப் பழக்கலாமே. யாரைப் பழக்குவது?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் எலிசபெத் லெவி பாலக்கும் சகாக்களும் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில், சுமார் 24,000 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். 'கடந்த சில வாரங்களில் யார் யாரோடு பொழுதைக் கழித்தாய்?' என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். அதிகம் பேர் குறிப்பிட்ட பெயர்களிலிருந்து, பள்ளியின் கண்கள் யார்மீது இருக்கின்றன என்பது தெரிந்தது. பிறகு பாதிப் பள்ளிகளில் குலுக்கல் முறையில் 20 முதல் 32 பேர் கொண்ட குழுக்கள் அமைந்தன. தங்கள் பள்ளியில் எது பிரச்சினை என்பதைக் குழுப் பிள்ளைகளே முடிவுசெய்தார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள், நல்லது செய்தவரைக் கண்டால் கையில் ஆரஞ்சு நிறப் பட்டை கட்டிவிட்டார்கள். ஓராண்டில், ஒழுங்கு நடவடிக்கை வரை போன மாணவர் மோதல்கள் மற்றப் பள்ளிகளைவிட 25 சதவீதம் குறைவாக இருந்தன. பலரும் கவனிக்கும் பிள்ளைகள் குழுவில் கூடுதலாக இருந்த இடங்களில் பலன் இன்னும் அதிகம்.

இதில் என்னை யோசிக்கவைத்தது ஒன்று. பெரியவர்கள் தேர்ந்தெடுத்திருந்தால் 'நல்ல பிள்ளைகள்' மட்டுமே வந்திருப்பார்கள். ஆனால் இந்தக் கணக்கெடுப்பில், சண்டைகளின் நடுவிலேயே நிற்கும் பிள்ளைகளும் செல்வாக்குள்ளவர்களாக வந்தார்கள். முதல் பெஞ்சு மாணவி சொன்னால் திரும்பிப் பார்க்காதவர்கள், இவர்கள் சொன்னால் கேட்கிறார்கள்.

அதற்காகப் பெரியவர்களின் வேலையைப் பிள்ளைகள் தலையில் சுமத்திவிடக் கூடாது. ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான 'கிவா' என்ற சீண்டல் தடுப்புத் திட்டத்தில் இந்தப் பிரிவினை தெளிவு: சீண்டியவரிடம் பேசுவது பள்ளி ஊழியர் குழு, சீண்டப்பட்ட பிள்ளைக்குத் துணையாக நிற்பது வகுப்புத் தோழர்கள் இரண்டு முதல் நான்கு பேர்.

ஆசிரியர்களே, இப்படி ஒரு மாணவர் குழுவை அமைக்க நினைத்தால் பட்டியலை நீங்களே எழுதிவிடாதீர்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்து, யார் யாரோடு பொழுதைக் கழித்தார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.