ஆறில்லாத மேட்டு நகரம்
பெங்களூரில் புதிதாகக் குடியேறுவோர்க்குச் சில செய்திகள்

சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ இரயிலேறிப் பெங்களூருக்கு வருவோர், வண்டியை விட்டு இறங்கியதும் முதற்கண் உணர்வது இவ்வூரின் குளிர்ச்சியையே. ஊட்டியைப் போலச் சிகரங்களும் சரிவுகளும் கண்ணிற்குத் தென்படாமையால், தாம் மலைமேல் ஏறி வந்திருக்கிறோம் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆனால் பெங்களூர், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் முதுகின்மீது பரந்து கிடக்கும் நகரம். மார்கழி, தை இரவுகளில் கம்பளி வேண்டும். கோடையில் அண்மை ஆண்டுகளாக வெயில் கூடிவருகின்றது எனினும், மாலை மழை பெய்து ஊரைத் தணிப்பதும் உண்டு. ஆவணி முதல் ஐப்பசி வரை குடையின்றி வெளியே செல்லுதல் தகாது.

இவ்வுயரம் நமக்குத் தரும் இன்பம் இது. இதே உயரம் தரும் இன்னல் ஒன்றும் உண்டு. இந்நகரின் ஊடே பேராறு எதுவும் ஓடவில்லை. 1537-ஆம் ஆண்டில் கெம்பே கௌடர் இங்கே கோட்டையும் பேட்டையும் அமைத்த காலந்தொட்டு, மழைநீரை ஏரிகளில் தேக்கியே மக்கள் வாழ்ந்தனர். அவ்வேரிகளுள் பல இன்று இல்லை. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்கும் இடம் ஒருகாலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவ விளையாட்டரங்கம் நிற்பது சம்பங்கி ஏரியின் நிலத்தில். 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933-க்குப் பின் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் அர்க்காவதி ஆற்றின் நீர் வந்தது. அதுவும் போதாமல், 1974-இல் காவிரி நீர் முதன்முறையாக நகரை அடைந்தது.

காவிரி இந்நகரை நோக்கித் தானே ஓடி வருவதில்லை. மண்டியா மாவட்டத்தில், சிவசமுத்திரத்தை அடுத்த பகுதியில் எடுக்கப்பட்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு குழாய்களில் வந்து, இடையிடையே பொறிகளால் இறைக்கப்பட்டு, சுமார் 500 மீட்டர் உயரம் மேலேற்றப்படுகின்றது. ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பெற்றது. நாளொன்றுக்கு 77 கோடியே 50 இலட்சம் லிட்டர் கூடுதலாக வழங்குவது அதன் நோக்கம். அவ்வாண்டுக் கோடையிலோ, ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, குடங்களோடு மக்கள் லாரிக்குக் காத்திருந்தனர். ஆதலின் வாடகைக்கு வீடு பார்ப்போர், அறைகளை எண்ணுமுன் ஒன்றைக் கேட்டறிக: இவ்வீட்டிற்கு நீர் காவிரிக் குழாயில் வருகிறதா, ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா, லாரியிலா?

வந்த நீர் எங்கே செல்கிறது என்பதையும் அறிதல் நன்று. நகரின் மேற்குப் பகுதியின் கழிவுநீர் விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியோடு கூடிக் காவிரியில் கலக்கின்றது. கிழக்குப் பகுதியின் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையை அடைந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்குச் செல்கின்றது. அவ்வணையில் நுரை பொங்கி நின்ற காட்சியைச் செய்தித்தாள்களில் கண்டோர் பலர். எந்தத் தெருவில் குடியிருந்தாலும், நாம் கழுவி விடும் நீர் நாம் விட்டுவந்த நாட்டிற்கே திரும்பிப் போகின்றது.

இனி, நம் மக்கள் இவ்வூருக்கு வந்த வரலாற்றைச் சிறிது காண்போம். தொம்மலூரின் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். லால்பாக் முதலிய தோட்டங்களில் உழைத்த திகளர் குலத்தார் தமிழ் வேர் உடையவர். சித்திரைப் பௌர்ணமியில் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கரகம் எடுக்கும் உரிமை அவர்க்கே உரியது. அக்கரகம் வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிற்கும் சென்று வரும். 1809-இல் ஆங்கிலேயர் தண்டு அமைத்தபின், படையோடும், படைக்குப் பண்டம் வழங்குவோராகவும், கட்டட வேலையாளராகவும் தமிழர் திரளாக வந்தனர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. இன்று உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியை 1868-இல் கட்டி முடித்த ஆர்க்காடு நாராயணசாமி முதலியார், 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்.

பின்னர் ஆலைகள் எழுந்தன. பின்னி ஆலையின் தொடக்கம் 1884. ஆலைக்கும் இரயில்வேக்கும் உழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள், நகர இரயில் நிலையத்தை அடுத்துத் தண்டவாளங்களுக்கு அப்பால் உள்ள ஒக்கலிபுரம், ஸ்ரீராம்புரம் பகுதிகளில் நிலைத்தன. அவ்வாலைகள் மூடப்பட்டுவிட்டன, குடும்பங்கள் இருக்கின்றன. இன்று ஒக்கலிபுரத்திற்கு வருவோர்க்கு ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையம் அண்மையில் உள்ளது. அங்கிருந்து மெஜஸ்டிக் சென்றால் நகரின் பல திசைகளுக்கும் வண்டி மாறலாம். அல்சூர் ஏரிக்கரையை அடுத்துத் தமிழ்ச் சங்கம் உள்ளது.

நல்லனவற்றை மட்டும் கூறி அல்லனவற்றை மறைத்தல் புதியோர்க்கு நன்மை ஆகாது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டி 1991 டிசம்பரில் இங்கே தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. உயிர்கள் போயின, பலர் குடும்பத்தோடு ஊரை விட்டு நீங்கினர். 2016 செப்டம்பரிலும் பேருந்துகள் எரிந்தன. அவ்விரண்டிற்கும் இடையே 2009 ஆகஸ்டில், பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை அல்சூரில் திறக்கப்பட்டது. அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பெங்களூரின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. நீரைக் கணக்கில் சேர்த்தது. அந்நீரைக் குடிப்போருள் நாமும் இருக்கிறோம். தஞ்சை உழவரின் துன்பமும் மண்டியா உழவரின் துன்பமும் நமக்கு அயலல்ல. காவிரியைப் பற்றி இங்கே வாய் திறக்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அண்டை வீட்டாரோடு கூடி வாழ்வதற்குக் கன்னடம் இன்றியமையாதது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிப் பள்ளிகளிலும் அது பாடமாகியுள்ளது. தமிழர்க்கு இம்மொழி அரிதன்று. நம் சொல்லின் முதலில் வரும் பகரம் அங்கே பெரும்பாலும் ஹகரமாகும்: பால் ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு, பள்ளி ஹள்ளி. வகரம் பகரமாகும்: வா என்பது பா, வெல்லம் என்பது பெல்ல, வேண்டா என்பது பேட. இவ்விரு விதிகளை மனத்திற் கொண்டு கடைத்தெருவிற்குச் சென்றால், ஒரு திங்களில் காய்கறி வாங்கலாம், ஓராண்டில் உறவாடலாம். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதையின் முன்னோடியாய்த் திகழ்ந்து, 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றார். வீட்டுத் தமிழ் அதனால் குறைந்துபோவதில்லை. பிள்ளைகளுக்கு இரவில் ஒரு நாழிகை தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பது பெற்றோர் கடன். பகலில் அவர்கள் தெருப்பிள்ளைகளோடு கன்னடத்தில் விளையாடட்டும்.

குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்நீர் ஏறி வந்த உயரத்தை நினைத்து அளவாய்ச் செலவிடுவோம். அண்டை அயலாரோடு அவர்தம் மொழியில் நாலு சொல் பேசுவோம். புதிதாய் வரும் குடும்பங்களை நம் மக்கள் அன்போடு வரவேற்கின்றனர்.