கணிப்பொறிக்கு இன்று என்ன தேதி?

03/04/2025 என்று எழுதியிருந்தால் அதை எந்தத் தேதி என்று படிப்பீர்கள்? ஏப்ரல் 3 என்பீர்கள். அமெரிக்க மாணவன் ஒருவனோ மார்ச் 4 என்பான். அவன் நாட்டில் மாதத்தை முதலில் எழுதுவது வழக்கம். இருவர் சொல்வதும் அவரவர் வழக்கப்படி சரியே. ஆனால் உங்கள் இருவருக்கும் ஒரே இணையப் பக்கத்தைக் காட்டவேண்டிய கணிப்பொறி என்ன செய்யும்?

தேதியும் மணியும் ஒரு கணத்திற்கு நாம் இடும் பெயர்களே. கணம் ஒன்று, பெயர்கள் பல. ஆகவே கணிப்பொறி அந்தக் கணத்தை ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 பிறந்த நொடியைப் பூஜ்யமாகக் கொண்டு, அதிலிருந்து கழிந்த விநாடிகளை எண்ணுகிறது. யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பில் தோன்றிய முறையாதலால் இதனை யூனிக்ஸ் நேரம் என்பர்.

இந்த எண்ணைத் தேதியாக மாற்றுவது எப்படி? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எண் நூறு கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். வகுத்தால் ஈவு 11,574 நாட்கள். மீதி 6,400 விநாடிகள், அதாவது 1 மணி 46 நிமிடம் 40 விநாடி. 1970 முதல் 2000 முடிய 31 ஆண்டுகள். அவற்றுள் 8 லீப் ஆண்டுகள். ஆக 11,323 நாட்கள். எஞ்சிய 251 நாட்களை 2001 ஜனவரி 1 உடன் கூட்டினால் செப்டம்பர் 9 வருகிறது.

இது கிரீன்விச் நேரம். பூமி ஒரு மணியில் 15 பாகை சுழல்கிறது. இந்திய நேரம் கிழக்கு 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு அமைந்தது. எனவே 5½ மணியைக் கூட்டவேண்டும். நமக்கு அப்போது காலை 7 மணி 16 நிமிடம் 40 விநாடி. நியூயார்க் நகருக்கோ அது கோடைக்கால நேரம். கிரீன்விச்சுக்கு 4 மணி பின்தங்கியது. அங்கே செப்டம்பர் 8, இரவு 9 மணி 46 நிமிடம் 40 விநாடி. ஒரே கணத்திற்கு இரண்டு தேதிகள்!

இந்தக் குழப்பம் நேராமல் எழுதுவதற்காக 1988-இல் ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் உலகத் தரம் வெளியாயிற்று. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2001-09-09 என்று எழுதி, நேரத்தையும் அதன்பின் +05:30 என்ற வேறுபாட்டையும் சேர்க்கவேண்டும். பெரிய அளவு முதலில் வருவதால், ஒரே நேர வேறுபாட்டில் எழுதிய தேதிகளை எழுத்து வரிசையில் அடுக்கினாலே கால வரிசை கிடைத்துவிடும்.

இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். அது விநாடிகளை அல்ல, மில்லி விநாடிகளை எண்ணுகிறது. நூறு கோடியை ஆயிரத்தால் பெருக்காமல் அதனிடம் கொடுத்தால் 2001-க்குப் பதில் 1970 ஜனவரி 12 என்று காட்டும். அடுத்து, பிறந்தநாளை 2010-06-15 என்று மட்டும் கொடுத்தால், அதைக் கிரீன்விச் நள்ளிரவு 0 மணியாகக் கொள்ளும். நியூயார்க் கணிப்பொறி அதைத் தன் நேரத்தில் காட்டும்போது ஜூன் 14 என்றாகிவிடும். பிறந்தநாள் என்பது ஒரு கணம் அன்று. அது நாட்காட்டியில் ஒரு நாள். அதைத் தேதியாகவே வைத்திருப்பதுதான் முறை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய அமைப்புகள் பல இந்த எண்ணை 32 பிட்டுகளில் அடைத்து வைத்தன. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. கிரீன்விச் நேரப்படி 2038 ஜனவரி 19 அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 விநாடியில் அந்த எல்லை வந்துவிடும். அடுத்த விநாடியில் எண் குறைக்குறியுடன் மாறி, 1901 டிசம்பர் 13 என்று காட்டக்கூடும். 64 பிட்டுகளுக்கு மாறிய கணிப்பொறிகளுக்கு இத்தொல்லை இல்லை. மாறாதவற்றைத் தேடித் திருத்தவேண்டும். அந்தப் பணியில் உங்களுள் சிலரும் ஈடுபடக்கூடும்.

இப்போது ஒரு பயிற்சி. நீங்கள் பிறந்த தேதியையும் நேரத்தையும் விநாடி எண்ணாக மாற்றிப் பாருங்கள். இந்திய நேரத்தில் தொடங்கினால் இறுதியில் 19,800 விநாடிகளைக் கழிக்க மறவாதீர்கள். ஏன் என்பது உங்களுக்கே தெரியும்!