பாறுகளின் சாவும் காட்டுப் பறவை மருத்துவமும்

காட்டுப் பறவைகளின் உடல்நலத்தையும் நோய்களையும் ஆராயும் துறை, மனித மருத்துவத்திலும் கால்நடை மருத்துவத்திலும் இல்லாத சில இடர்ப்பாடுகளோடு இயங்குகிறது. தளர்ந்து தெரியும் பறவையை இரைகொல்லிகள் விட்டுவைப்பதில்லை என்பதால், நோயுற்ற பறவை தன் மெலிவைக் கடைசி வரை மறைத்தே வாழ்கிறது; இறந்த பின்போ, நரியும் நாயும் எறும்பும் ஆய்வாளரை முந்திக்கொள்கின்றன, அல்லது கோடை வெயில் சில மணி நேரத்தில் திசுக்களை அழுகச் செய்து அவற்றைச் சோதனைக்கு உதவாதவையாக்கிவிடுகிறது. பல இனங்களின் குருதியில் எந்தப் பொருள் எவ்வளவு இருப்பது இயல்பு என்ற ஒப்பீட்டுக் குறிப்புகூட இல்லை. ஆகவே இத்துறையில் தனிப் பறவையைவிட ஒரு கூட்டமோ, சில வேளைகளில் ஓர் இனம் முழுவதுமோதான் நோயாளியாக அமைகிறது. ஆண்டுதோறும் எடுக்கப்படும் கூடுகளின் கணக்கே முதல் நோய்க்குறியைக் காட்டுகிறது. இந்த ஆய்வுமுறையின் வலிமையையும் தடுமாற்றத்தையும் ஒருங்கே காட்டுவதற்குத் தெற்காசியப் பாறுகளின் வரலாற்றைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை.

பிணந்தின்னிக் கழுகுகள் எனப் பொதுவாக அழைக்கப்படும் பாறுகளில், வெண்முதுகுப் பாறு 1980களில் உலகின் பெரிய ஊனுண்ணிப் பறவைகளிலேயே எண்ணிக்கையில் மிகுந்ததாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் அக்காலத்தில் 350க்கும் மேற்பட்ட வெண்முதுகுப் பாறுக் கூடுகள் இருந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் அதே பூங்காவில் 1990களின் நடுவில் மீண்டும் கணக்கெடுத்தபோது பாதிக்கும் குறைவான கூடுகளே எஞ்சியிருந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அங்கு ஒரு கூடும் இல்லாமற்போயிற்று. 1990களின் தொடக்கத்தில் நாடெங்கும் சாலை வழியே சென்று எடுக்கப்பட்ட கணக்கை அதே வழித்தடங்களில் 2000ஆம் ஆண்டு மீண்டும் எடுத்தபோது, வெண்முதுகுப் பாறும் நீண்ட அலகுடைய கருங்கழுத்துப் பாறும் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது தெரியவந்தது. 2007ஆம் ஆண்டுக் கணக்கில் வெண்முதுகுப் பாறின் வீழ்ச்சி 99.9 விழுக்காட்டை எட்டியது. ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்று மட்டும் எஞ்சியது என்பது இதன் பொருள்.

இத்தனை விரைவான, நாடளாவிய சாவுக்குத் தொற்றுநோயே காரணமாக இருக்கும் என்ற ஐயம் முதலில் எழுந்தது இயல்பே. காட்டிலும் நகரத்திலும் வயல்வெளியிலும் வேறுபாடின்றிப் பறவைகள் செத்தன. உணவுக்கோ பஞ்சமில்லை, கால்நடைப் பிணங்கள் தீண்டுவாரின்றிக் கிடந்தன. அத்துடன், பாறுகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி மரக்கிளைகளில் நாள்கணக்கில் அசையாது அமர்ந்திருந்ததைப் பலரும் கண்டு, அதை ஏதோ ஒரு வைரசின் அறிகுறியாக எடுத்துக்கொண்டனர். லண்டன் விலங்கியல் கழகத்தின் ஆய்வாளர்களும் இந்திய ஆய்வாளர்களும் இணைந்து இந்தத் தொற்றுநோய்க் கருதுகோளை 2003இல் ஆய்விதழ் ஒன்றில் முன்வைத்தனர். கழுத்துத் தொங்கல் நோய்க்குறியே அன்று என்பதும், வெப்பம் மிகுந்த வேளையில் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளப் பாறுகள் மேற்கொள்ளும் நிலையாகவே அது பெரும்பாலும் இருக்கலாம் என்பதும், அவ்வாறு அமரும் பறவையே அடுத்து இறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல அது உதவாது என்பதும் பாகிஸ்தானில் நடந்த பிற்கால ஆய்வில்தான் தெளிவாயின. கண்ணில் முதலில் பட்ட அறிகுறி பிழையான திசையைக் காட்டியிருந்தது.

பிணக்கூறாய்வு காட்டிய அறிகுறியோ வேறு. இறந்த பாறுகளின் வயிற்றைத் திறந்தபோது ஈரல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு காணப்பட்டது. இதன் விளக்கம் பறவைகளின் கழிவு வெளியேற்றத்தில் இருக்கிறது. பாலூட்டிகள் புரதச் சிதைவில் உண்டாகும் நைட்ரஜன் கழிவை யூரியாவாக மாற்றி நீரில் கரைத்து வெளியேற்ற, பறவைகள் அதனை நீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலமாக மாற்றி வெளியேற்றுகின்றன. எச்சத்தில் தெரியும் வெள்ளைப் பகுதி அதுவே. சிறுநீரகத்தின் நுண்குழல்களில் உள்ள உயிரணுக்கள் இந்த அமிலத்தைக் குருதியிலிருந்து ஓயாமல் இழுத்து வெளியே தள்ளியாக வேண்டும். அவ்வுயிரணுக்கள் செயலிழந்தால் குருதியில் யூரிக் அமிலம் பெருகி, ஓரளவுக்கு மேல் கரைந்து நிற்க இயலாமல், உள்ளுறுப்புகளின் மேற்பரப்பில் படிகங்களாக உறைந்துவிடுகிறது. உள்ளுறுப்பு யூரிக் அமிலப் படிவு எனப்படும் இந்நிலை தனியொரு நோயன்று. சிறுநீரகம் அழிந்ததன் இறுதி அடையாளம் மட்டுமே. நீரிழப்பு, கன உலோக நஞ்சு, சில வைரசுகள், வைட்டமின் ஏ குறைபாடு என எது சிறுநீரகத்தைக் கெடுத்தாலும் இதே வெள்ளைப் படிவு தோன்றும் என்பதால், எந்த உறுப்பு தாக்கப்பட்டது என்பதை அது காட்டியதே அன்றித் தாக்கியது எது என்பதைக் காட்டவில்லை.

விடை பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திலிருந்து வந்தது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்ட்சே ஓக்ஸ், அமெரிக்காவின் பெரிகிரின் நிதியம் என்ற அமைப்பினரோடும் பாகிஸ்தான் பறவையியல் கழகத்தினரோடும் இணைந்து, 2000 முதல் 2003 வரை அங்கிருந்த பாறுக் குடியிருப்புகளைத் தொடர்ந்து கண்காணித்து, கெடாத பிணங்களை உடனுக்குடன் எடுத்துச் சோதித்தார். ஆய்ந்த வளர்ந்த பறவைகளில் 85 விழுக்காட்டில் யூரிக் அமிலப் படிவு இருந்தது. வைரசு, பாக்டீரியா, பூச்சிக்கொல்லி, ஈயம், பாதரசம், ஆர்செனிக் என ஐயத்துக்குரிய ஒவ்வொன்றும் சோதிக்கப்பட்டு விலக்கப்பட்டது. அதன் பின் ஆய்வாளர்கள் கேள்வியை வேறு திசையில் எழுப்பினர்: பாறுகளின் உணவு ஏறக்குறைய முழுவதும் வீட்டுக் கால்நடைகளின் பிணமே என்றால், அக்கால்நடைகளின் உடலில் அண்மையில் புதிதாகச் சேர்ந்திருப்பது எது? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் விசாரித்து, சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியதும், வாய்வழி உட்கொண்டாலும் உடலில் சேரக்கூடியதும், அண்மையில் புழக்கத்துக்கு வந்ததுமான மருந்து எது என்று சலித்தபோது, பட்டியலில் டைக்குளோஃபினாக் என்ற ஒரே பெயர் எஞ்சியது. மனிதர்க்கு மூட்டுவலி மாத்திரையாக நெடுங்காலம் பழகிய இந்த வீக்கமும் வலியும் நீக்கும் மருந்து, 1990களில் மலிவான ஊசி மருந்தாகக் கால்நடைக்கும் வந்திருந்தது.

அடுத்து வந்த சோதனைகள் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. யூரிக் அமிலப் படிவோடு இறந்த 25 பாறுகளின் சிறுநீரகங்களிலும் டைக்குளோஃபினாக் எச்சம் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பாறுகளில் ஒன்றில்கூட இல்லை. காட்டில் மீண்டும் விட முடியாத நிலையிலிருந்த பாறுகளுக்கு இம்மருந்தையும், இம்மருந்து செலுத்தப்பட்ட எருமை, ஆடு ஆகியவற்றின் இறைச்சியையும் கொடுத்தபோது, அவை அதே படிவோடு சில நாட்களில் இறந்தன. 2004ஆம் ஆண்டு தொடக்கத்தில் ‘நேச்சர்’ இதழ் இதனை வெளியிட்டது. இந்தியாவிலும் நேபாளத்திலும் சேகரித்த பிணங்களில் நடந்த ஆய்வும் அதே ஆண்டில் அதே முடிவைத் தந்தது. ஒரு வனவிலங்கு இனத்தின் பெரும் அழிவுக்கு மருத்துவத்துக்கான மருந்தே காரணம் என்பதற்கு இத்தனை திடமான சான்று அதுவரை கிடைத்ததில்லை.

எல்லா மாட்டுக்கும் ஊசி போடப்படுவதில்லையே, ஊசி போட்ட மாடெல்லாம் உடனே இறப்பதுமில்லையே, பின் எப்படி ஓர் இனமே அழியும் என்ற வினா நியாயமானது. பிரித்தானிய ஆய்வாளர் ரைஸ் கிரீனும் அவருடன் பணியாற்றியோரும் செய்த கணக்கீடு இதற்கு விடை தந்தது. பாறுகள் கூட்டமாக உண்பவை. ஒரு பிணத்தில் நூற்றுக்கணக்கானவை ஒரே நேரத்தில் இறங்கும். ஒவ்வொரு பறவையும் ஓர் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட பிணங்களில் பங்குகொள்ளும். ஐந்தாறு ஆண்டுகளில்தான் பருவமடைந்து, ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை என்பதால், வளர்ந்தவை நெடுங்காலம் உயிரோடிருந்தால் மட்டுமே இனம் நிலைக்கும். இவற்றை எல்லாம் சேர்த்துக் கணித்தால், கிடைக்கும் பிணங்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவற்றில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே நேர்ந்த வீழ்ச்சி நேர்ந்துவிடும். இந்தியாவில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் கால்நடைப் பிணங்களின் ஈரல் மாதிரிகளைச் சோதித்தபோது ஏறத்தாழ 10 விழுக்காட்டில் டைக்குளோஃபினாக் இருந்தது. வட, தென் அமெரிக்காவின் வான்கோழிப் பாறு இம்மருந்தைப் பன்மடங்கு மிகுதியாகத் தாங்கிக்கொள்கிறது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். உருவத்தில் ஒத்திருந்தாலும் அது நெருங்கிய உறவுடைய இனமன்று. ஓர் இனத்தில் தீங்கற்றது எனத் தெரிந்த மருந்தை மற்றோர் இனத்துக்கும் தீங்கற்றதாகக் கொள்ளும் வழக்கம் எத்தனை ஆபத்தானது என்பதற்கு இதுவே போதிய சான்று.

நஞ்சைக் கண்டறிந்ததோடு ஆய்வாளர்கள் நிற்கவில்லை. வலியால் துடிக்கும் மாட்டுக்கு மாற்று மருந்து காட்டாமல் தடை மட்டும் கேட்பது உழவரிடம் செல்லாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். உலகெங்கும் விலங்குக் காட்சியகங்களிலும் பறவை மருத்துவர்களிடமும் குறிப்புகளைத் திரட்டியபோது, மெலாக்சிகம் என்ற மருந்து 60 இனங்களைச் சேர்ந்த 700க்கும் மேற்பட்ட பறவைகளுக்குக் கொடுக்கப்பட்டும் ஓர் இறப்பும் நேராதது தெரிந்தது. பின்னர் தென்னாப்பிரிக்காவில் அந்நாட்டுப் பாறுகளிலும், அதன் பின் இந்தியாவிலும் படிப்படியாகச் சோதித்து 2006இல் அதன் பாதுகாப்பு உறுதிசெய்யப்பட்டது. டோல்ஃபெனாமிக் அமிலம் என்ற மருந்தும் பின்னர் இவ்வரிசையில் சேர்ந்தது. மறுபுறம் கீட்டோபுரோஃபேன், நிமெசுலைடு ஆகியவை பாறுகளைக் கொல்பவை எனத் தெரிந்தன. அசிகுளோஃபினாக் மாட்டின் உடலுக்குள்ளேயே டைக்குளோஃபினாக்காக மாறிவிடுவதும் கண்டறியப்பட்டது.

சட்டம் அறிவியலைத் தொடர்ந்துதான் வந்தது, ஆனால் தள்ளாடி வந்தது. 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகியவை கால்நடைக்கான டைக்குளோஃபினாக்கைத் தடைசெய்தன. மனிதருக்கென விற்ற 30 மில்லி பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், இந்தியாவில் 2015இல் அக்குப்பியின் அளவு 3 மில்லியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதனை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. கீட்டோபுரோஃபேன், அசிகுளோஃபினாக் ஆகியவற்றுக்கான தடை 2023இல்தான் வந்தது. அவற்றின் நச்சுத்தன்மை பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தும் இத்தனை காலம் கடந்ததை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது.

பெருந்திரளான பறவைச் சாவு என்றதும் பறவைக் காய்ச்சலையோ வேறு கொள்ளை நோயையோ நினைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. 2019இல் ராஜஸ்தானின் சாம்பார் உப்பேரியில் பல்லாயிரம் வலசைப் பறவைகள் இறந்தபோதும் முதல் ஐயம் அதுவே. சோதனையில் பறவைக் காய்ச்சல் இல்லை எனத் தெரிந்து, பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் அது காற்றில்லாச் சேற்றில் வளரும் ஒரு பாக்டீரியா சுரக்கும் போட்டுலினம் நச்சு என்று உறுதிசெய்தது. இறந்த பறவையை மொய்க்கும் புழுக்களில் இந்த நச்சு சேர, அப்புழுக்களைத் தின்னும் பறவைகளும் சாகின்றன. ஆகவே பிணங்களை விரைந்து அகற்றுவதே அங்கு மருந்து.

பாறுகள் மறைந்ததன் விலையை மனிதரும் கொடுத்துள்ளனர். கால்நடைப் பிணங்கள் அழுகிக் கிடக்க, தெருநாய்கள் பெருகின. வெறிநாய்க்கடியும் குடிநீர் மாசும் கூடின. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் கூடுதல் மனித இறப்புகளுக்குப் பாறுகளின் வீழ்ச்சி காரணமாயிற்று எனப் பொருளியலறிஞர்கள் ஐயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகியோர் 2024இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிடுகிறது.

அரியானாவின் பிஞ்சோரில் தொடங்கிய கூண்டு இனப்பெருக்க மையங்கள் எஞ்சியவற்றைக் காத்து, 2020 முதல் வெண்முதுகுப் பாறுகளைக் காட்டில் விடத் தொடங்கியுள்ளன. தென்னிந்தியாவிலோ கூண்டு தேவைப்படாமலே ஒரு கூட்டம் தப்பியுள்ளது. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையில் ஓடும் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகியவையும் அங்குண்டு. 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் 246 பாறுகள் பதிவாயின. காட்டு விலங்குகளின் பிணமும் அவற்றுக்கு இரையாவதால் அவை தப்பியிருக்கலாம் எனினும், காட்டோர ஊர்களின் மாட்டுக் கொட்டிலில் போடப்படும் ஒரே ஊசி அந்தக் கணக்கைக் குலைத்துவிட வல்லது.

கால்நடைக்கென வரும் எந்த வலிநிவாரணியும் பாறுகளில் சோதிக்கப்பட்ட பின்னரே கடைக்கு வர வேண்டும் என்ற விதி இல்லாத வரை, ஒவ்வொரு புதிய மருந்தும் காட்டிலேயே சோதிக்கப்படும். அவ்விதி வரும் வரை மாடு வளர்ப்போர் செய்யக்கூடியது ஒன்றுண்டு: வலிக்கு ஊசி தேவைப்படும்போது மெலாக்சிகம் அல்லது டோல்ஃபெனாமிக் அமிலத்தையே கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டும், வேறு ஊசி போடப்பட்ட மாடு அடுத்த சில நாட்களில் இறந்தால், அதன் உடலை வெளியில் வீசாமல் ஆழப் புதைத்துவிட வேண்டும்.