போனஸ் வந்தும் துள்ளாத மனசு

உழைப்பும் உள்ளமும் – 14

2021 செப்டம்பர் 9, வியாழக்கிழமை. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக போர்டு நிறுவனம் அறிவித்தது. குஜராத்தின் சனந்த் ஆலைக்கும் மறைமலை நகர் ஆலைக்கும் ஒரே நாளில் நாள் குறித்தாகிவிட்டது. மறைமலை நகரில் மட்டும் சுமார் 2,600 தொழிலாளர்கள். ஐகான் கார் வந்த புதிதில் இருபதுகளில் உள்ளே நுழைந்தவர்கள், அறிவிப்பு வந்தபோது நாற்பதுகளில் இருந்தார்கள். வீட்டுக்கடன் பாதி, பிள்ளைகளின் படிப்பு பாதி என்று நிற்கிற வயசு.

அன்றோடு கேட்டை இழுத்து மூடியிருந்தால் அது ஒரு வகை அடி. நடந்தது வேறு. ஆலையை இன்னொரு கம்பெனி வாங்கப்போகிறது என்று பேச்சு கிளம்பியது, அடங்கியது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசின் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்துக்குத் தேர்வானவர்களின் பட்டியலில் போர்டின் பெயரும் இருந்தது. ஏற்றுமதிக்கு மின்சாரக் கார் செய்வது பற்றி யோசிப்பதாக நிறுவனம் சொன்னது. மே மாதம், அந்த யோசனையைக் கைவிட்டுவிட்டதாக அதே நிறுவனம் சொன்னது. மே கடைசியில் செட்டில்மென்ட் தொகை போதாது என்று வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் லைனை விட்டு இறங்கியது.

வரும், வராது, வரும், வராது. பத்து மாதம் இப்படியே ஓடியது.

வேலை போனால் கவலை வரும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஆராய்ச்சி தேவைப்படுவது அதற்கடுத்த கட்டத்துக்கு. பணம் கைக்கு வந்த பிறகும், ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ வேறு வேலை அமைந்த பிறகும் சிலருக்கு எதிலும் மனசு ஒட்டுவதில்லை. பிரியாணி வாங்கி வந்தால் சாப்பிடுவார்கள். வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். மகள் நல்ல மார்க் வாங்கினால் ‘சரிம்மா’ என்பார்கள், அவ்வளவுதான். வீட்டில் இதை விட்டேத்தித்தனம் என்பார்கள். அக்கம்பக்கத்தில் திமிர் என்றுகூடச் சொல்வார்கள். மனச்சோர்வு நோயின் இரண்டு முக்கிய அறிகுறிகளில் ஒன்று இது. மற்றொன்று, நீங்காத சோகம். சோகத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆசை வற்றிப்போவதுதான் கண்ணில் படுவதில்லை.

மூளையின் நடுவே, கொஞ்சம் கீழே, ஸ்ட்ரையேட்டம் என்றொரு பகுதி இருக்கிறது. நல்லது ஏதும் கிடைக்கும்போதும், கிடைக்கப்போகிறது என்று தெரியும்போதும் அது கிளர்ந்தெழும். அதற்குச் செய்தி கொண்டுபோகும் ரசாயனங்களில் முக்கியமானது டோபமைன். குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமைன் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக அளந்தவர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். பீட்டர் டயான், ரீட் மாண்டேக் இருவரோடும் சேர்ந்து 1997இல் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையையே மாற்றியது. டோபமைன் வெகுமதியை மட்டும் எண்ணுவதில்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணுகிறது என்றது அந்தக் கட்டுரை. தீபாவளி போனஸ் 20,000 ரூபாய் வரும் என்று காத்திருப்பவருக்கு 20,000 வந்தால் அந்த நரம்பணுக்களில் பெரிய சலனம் இருக்காது. 25,000 வந்தால் ஒரு துள்ளல். 15,000 வந்தால், பதினைந்தாயிரம் கையில் இருந்தும், ஒரு சரிவு. இந்தக் கணக்கை வைத்துத்தான் எதற்காக மெனக்கெடலாம், எதை விட்டுவிடலாம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. மறைமலை நகரின் அந்தப் பத்து மாதத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு நல்ல செய்திக்கும் ஒரு ஏற்றம், அதன் பின்னாலேயே அதைவிடப் பெரிய இறக்கம்.

மன அழுத்தம் இந்தக் கற்றலைக் கெடுக்கிறது என்பதை ஆய்வகத்தில் காட்டியவர்களில் டியேகோ பிட்ஸகல்லி முக்கியமானவர். 2005இல் அவர் வெளியிட்ட சோதனை, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு உடனே புரியும். கணினித் திரையில் ஒரு கோட்டுமுகம் தோன்றும். அதன் வாய் 11.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும், அல்லது 13 மில்லிமீட்டர். கண் சிமிட்டும் நேரத்தில் மறைந்துவிடும். குட்டை வாயா, நீள வாயா என்று பட்டனை அழுத்த வேண்டும். சரியாகச் சொன்னால் சில முறை 5 சென்ட் பரிசு. ஆனால் இரண்டில் ஒரு வாய்க்கு மட்டும் மூன்று மடங்கு அடிக்கடி பரிசு கிடைக்கும்; அதை யாரிடமும் சொல்வதில்லை. பெரும்பாலானோரின் கை, தங்களுக்கே தெரியாமல், பரிசு அதிகம் வரும் பக்கம் சாயத் தொடங்கிவிடும். மனச்சோர்வின் அறிகுறிகள் கூடியவர்களிடம் அந்தச் சாய்வு குறைவு.

அடுத்த ஆண்டே அவரும் ரையன் பாக்டனும் 80 பெண்களை வைத்து வேறு மாதிரி பார்த்தார்கள். எந்த நேரமும் மின் அதிர்ச்சி வரலாம் என்று மிரட்டி, நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்று குறையும் சொல்லிக்கொண்டே இதே சோதனையைச் செய்யச் சொன்னார்கள். நோய் இல்லாதவர்களிடமும் பரிசுப் பக்கச் சாய்வு மங்கியது. டார்கெட் போர்டுக்குக் கீழே நின்று சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கியபடி வேலை செய்தவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம்.

மின் அதிர்ச்சி பெரிய விஷயம். சின்னச் சின்ன இடைஞ்சல்கள்? 1987இல் பால் வில்னர் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் கொடுமை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. கூண்டைச் சாய்த்து வைப்பார்கள். படுக்கையை ஈரமாக்குவார்கள். ராத்திரியில் விளக்கை எரியவிடுவார்கள். பழகிய எலியை எடுத்துவிட்டுப் பழகாத எலியைக் கூட விடுவார்கள். எப்போது எது வரும் என்று தெரியாது. வாரக்கணக்கில் இது நீண்டதும், சர்க்கரைத் தண்ணீரை விழுந்து விழுந்து குடித்த எலிகளுக்கு அதன்மேல் இருந்த நாட்டம் குறைந்தது. மனச்சோர்வு மருந்து கொடுத்ததும் நாட்டம் மெல்லத் திரும்பியது.

எலிக் கூண்டையும் மனிதர் தங்கும் இடத்தையும் ஒப்பிடுவது நியாயமில்லைதான். என்றாலும் வாராவாரம் மாறும் ஷிப்ட், பகலில் தூங்க முடியாத அறை, முகம் தெரியாதவரோடு பங்குபோடும் பாய் என்று வாழும் ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல் பெண்களுக்கு அந்தப் பட்டியல் அந்நியமாகத் தெரியாது. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்து தரும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர் விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெண்கள் திரண்டு வந்து சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை திரும்பத் திறக்க ஜனவரி ஆயிற்று. செய்தியானது அந்த ஒரு நாள் சாப்பாடு. அதற்கு முந்தைய மாதங்களின் தூக்கமும் தண்ணீரும் இட நெருக்கடியும் அந்த அளவுக்குச் செய்தியாகவில்லை.

ஒரே ஹாஸ்டல், ஒரே லைன், ஒரே செய்தி. ஆனாலும் எல்லோரும் ஒரே மாதிரி முறிவதில்லை. ஏன்?

ஸ்டான்ஃபோர்டின் இயன் காட்லிப் 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு அருகில் போகிறது. 10 முதல் 14 வயதுச் சிறுமிகள். 13 பேரின் அம்மாக்களுக்கு மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்திருந்தது. இன்னொரு 13 பேரின் அம்மாக்களுக்கு அப்படி எதுவும் இல்லை. சிறுமிகள் யாருக்கும் அதுவரை எந்த மனநோயும் வந்ததில்லை. பரிசு வரப்போகிறது என்று திரையில் அறிகுறி காட்டியபோது, முதல் கூட்டத்துச் சிறுமிகளின் ஸ்ட்ரையேட்டத்தில் ஒரு பகுதி மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே கிளர்ந்தது. நோய் எட்டிப்பார்க்கும் முன்பே ஆசையின் சூடு தணிந்திருந்தது. சின்ன ஆய்வுதான், மரபணுவா, சோர்ந்த தாயோடு வளர்ந்த வீட்டுச் சூழலா என்று அது பிரித்துச் சொல்லவில்லை.

எல்லா ஆய்வும் ‘மங்கியது’ என்றே முடிவதுமில்லை. மனச்சோர்வு வந்து தேறியவர்களை பிட்ஸகல்லியின் குழு 2015இல் ஸ்கேன் எடுத்தபோது, நெருக்கடியின்போது அவர்களுடைய ஸ்ட்ரையேட்டம் அளவுக்கு மீறித் துள்ளியது. ஆகவே கோளாறு, விளக்கு அணைந்துபோவது என்பதைவிட, நெருக்கடியில் அதைத் தேவையான அளவுக்கு ஏற்றி இறக்க முடியாமல் போவது என்று கொள்வதே பொருந்தும்.

எமரி பல்கலைக்கழகத்தின் ஜெசிகா கூப்பர், மைக்கேல் ட்ரெட்வே குழு 2021இல் கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது. கையை மணிக்கட்டுவரை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொன்னார்கள். 2,043இலிருந்து பதினேழு பதினேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள் (ஐஸ் தண்ணீர் இல்லாமலே பலருக்கு வியர்க்கும்). முன்மூளையில் குளூட்டமேட் என்ற ரசாயனம் எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். அண்மையில் பெரிய அழுத்தம் இல்லாதவர்களுக்கு அது ஏறியது. அன்றாடம் அழுத்தத்தில் இருந்தும் நோய் வராதவர்களுக்கு ஏறவில்லை. அவர்களுடைய மூளை பழகித் தணிந்துகொண்டது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் இந்தப் பழக்கம் காணப்படவில்லை. தணிந்துகொள்ளத் தெரியாதவர்களே அடுத்து வந்த நாலு வாரத்தில், நாளைக்கு என்ன நல்லது நடந்துவிடப்போகிறது என்று அவநம்பிக்கையோடு பதில் எழுதினார்கள்.

அழுத்தம் நின்றுவிட்டால் சரியாகிவிடுமா? பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியின் குழு தந்த பதில், பாதி சரியாகாது. தினம் 2 மணி நேரம் வீதம் 10 நாள் எலிகளை அசையவிடாமல் வைத்தார்கள். அச்சத்துக்கான அமிக்டலாவில் நரம்பணுக் கிளைகள் வளர்ந்தன. பிறகு 21 நாள் நிம்மதியாக விட்டும் அந்த வளர்ச்சி குறையவில்லை. அதே ஊரில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் பி.எஸ்.சங்கரநாராயண ராவ், டி.ஆர்.ராஜு குழு எதிர்த்திசையில் போனது. அழுத்தத்தில் சுருங்கிய நினைவுப் பகுதி கொண்ட எலிகள், தாமே நெம்புகோலை அழுத்தித் தம் மூளையின் வெகுமதிப் பாதையைத் தூண்டிக்கொள்ள வழி செய்தார்கள். சுருங்கிய நரம்பணுக் கிளைகள் திரும்பத் தழைத்தன. இழந்த நினைவுத்திறனும் மீண்டது. 2008இல் இது வெளியானது. வெகுமதிப் பாதை அழுத்தத்தால் அடிபடுவதோடு நிற்பதில்லை, அழுத்தத்தின் காயத்தை ஆற்றவும் அதற்கு முடியும்.

மனிதரின் மண்டையில் கம்பி செருகத் தேவையில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் பட்டேலின் குழு செய்து காட்டியது அதைவிட எளிது. டாக்டர்கள் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறிலிருந்து எட்டு முறை உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சின் மையம், மனசு வந்த பிறகு செய்வது அல்ல, செய்த பிறகு மனசு வருவது. கோயில் வரை நடப்பது, தங்கைக்குப் போன் போடுவது என்று ஒரு சின்னக் காரியத்துக்கு நாளும் நேரமும் குறித்துக்கொள்ள வேண்டும். முன்பு பிடித்திருந்ததா என்பது போதும், இப்போது பிடிக்கிறதா என்று கேட்பதில்லை. 2017இல் லான்செட் இதழ் வெளியிட்ட முடிவில், 3 மாதத்தில் நோய் தணிந்தவர்கள் இந்த முறையில் 64 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 39 சதவீதம்.

சென்னையில் 25,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், மனச்சோர்வு அறிகுறிகள் 15.1 சதவீதம் பேருக்கு இருந்தன. வருமானம் குறையக் குறைய விகிதம் கூடியது. மனச்சோர்வு உள்ளவர்களில் 100க்கு 85 பேர் சிகிச்சைக்கு வருவதே இல்லை என்கிறது நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு. 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போதுகூட அழைக்கலாம். ஒரகடம் ஆலைகளின் கேண்டீன் சுவரில் தீயணைப்பு எண்ணுக்குப் பக்கத்தில் இதையும் எழுதி வைக்க ஒரு வரி பெயிண்ட் போதும்.

போர்டு? ஏற்றுமதிக்காக மறைமலை நகர் ஆலையைத் திரும்பப் பயன்படுத்துவதாக 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் என்ஜின் தயாரிப்புக்கு ஒப்பந்தம். உற்பத்தி தொடங்குவது 2029இல் என்கிறார்கள்.

(அடுத்த வாரம்: நைட் ஷிப்ட்டும் தூக்கமும்)