அத்தாவின் மறதி: முதுமையா, நோயா?

அஸர் தொழுதுவிட்டு வந்த அத்தா, சற்று நேரத்தில் "அஸர் பாங்கு சொல்லிட்டாங்களா?" என்று மறுபடியும் கேட்கிறார். பழகிய உறையூர்த் தெருவிலேயே வழி தவறுகிறார். "வயசாயிடுச்சு" என்று நாம் விட்டுவிடுகிறோம். சில நேரம் எரிந்தும் விழுகிறோம். அது நோயாகவும் இருக்கலாம்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இந்நோய்க்கு முக்கியக் காரணம் அல்சைமர்.

மூளைச் செல்களில் ஏபிபி என்றொரு புரதம் இருக்கிறது. அது வெட்டுப்படும்போது அமிலாய்டு பீட்டா என்ற சிறு துண்டுகள் உண்டாகின்றன. இவை ஒன்றோடொன்று ஒட்டிச் செல்களுக்கிடையே படிகின்றன. ஏபிபி மரபணு 21ஆவது குரோமோசோமில் உள்ளது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் கூடுதலாக இருப்பதால், அல்சைமர் இளவயதிலேயே வர வாய்ப்பு அதிகம். ஏபிஓஇ4 என்ற மரபணு வகை ஆபத்தைக் கூட்டும். ஆனால் அது இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை.

இந்தப் படிவை ஆய்வகத்தில் காண உதவுவது ஆன்டிபாடி. கொரோனா காலத்தில் நாம் கேட்ட அதே சொல்தான். பூட்டுக்கேற்ற சாவிபோல, ஓர் ஆன்டிபாடி தனக்குரிய புரதத்தில் மட்டும் பொருந்தும்படி தயாரிக்கப்படுகிறது. அதனுடன் நிறமியை இணைத்தால், மூளைத் திசுவில் அமிலாய்டு இருக்கும் இடம் நுண்ணோக்கியில் தெரியும்.

இதே வழியில் உருவான லெக்கானிமாப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. 18 மாத ஆய்வில், மருந்து பெறாதவர்களைவிட நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. ஆனால் அது நோயைக் குணமாக்காது. போன நினைவையும் மீட்காது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. மூளையில் வீக்கமோ கசிவோ ஏற்படக்கூடும் என்பதால் தொடர் ஸ்கேன் தேவை.

எனவே தாமதம் வேண்டாம். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. திருச்சி புத்தூரில் உள்ள அரசு மருத்துவமனை உறையூருக்குப் பக்கம்தான். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டக்கூடாது என்பது அல்குர்ஆனின் கட்டளை (17:23). பத்தாவது முறை கேட்டாலும், முதல்முறை கேட்டதுபோல் பதில் சொல்வோம். அல்லாஹ் நம் பெற்றோருக்கு ஆஃபியத்தை அருள்வானாக, ஆமீன்.